லீட்ஸ் யுனைடெட் மூழ்கியது எதனால்? ஆட்டக்காரர் விலையா, சம்பளமா, கடனா?

#1 வியாசர்பாடி_விங்கர்

கால்பந்து கிளப்புகள் வரவுக்கு மீறி செலவு பண்றதப் பத்திப் பேச்சு வந்தாலே இங்கிலாந்தோட லீட்ஸ் யுனைடெட் பேர் வந்துடும். ஆனா பேசுற பலரும் ஒரே வரியில முடிச்சிடறாங்க: "ரியோ ஃபெர்டினாண்டுக்கு 18 மில்லியன் பவுண்ட் கொடுத்தாங்க, மூழ்கிட்டாங்க." இது எந்த அளவுக்கு சரின்னு விலாவாரியா பேசத்தான் இந்த இழை.

நடந்த வரிசையை முதல்ல வெச்சிடறேன். 2000 நவம்பர்ல வெஸ்ட் ஹாம்ல இருந்து ஃபெர்டினாண்ட், 18 மில்லியன். அப்போ ஒரு டிஃபெண்டருக்கு உலகத்துலயே அதிக விலை அதுதான். அதே சீசன்ல இன்டர் மிலான்ல இருந்து ராபி கீன், 12 மில்லியன். 2001 மே மாசம் ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில வலென்சியாகிட்ட தோல்வி. லீக்ல 68 புள்ளியோட 4வது இடம், 3வது வந்த லிவர்பூலுக்கு 69. அந்த வருஷம் இங்கிலாந்துக்கு சாம்பியன்ஸ் லீக் இடம் மூணுதான். ஒரே ஒரு புள்ளியில போச்சு. அதுக்கப்புறமும் நிறுத்தல. 2001 கடைசியில டெர்பியில இருந்து செத் ஜான்சன் 7 மில்லியன், லிவர்பூல்ல இருந்து ராபி ஃபவுலர் 11 மில்லியன். அந்த சீசன் 5வது இடம். அதுக்கு அடுத்தது 15வது. 2004 மே மாசம் பிரீமியர் லீக்ல இருந்து இறங்கினாங்க. 2007ல அட்மினிஸ்ட்ரேஷன், மூணாவது டிவிஷன். திரும்ப மேல வர 2020 ஆயிடுச்சு.

என் கட்சி இதுதான்: ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த விலைதான் அடிப்படைக் காரணம். ஒரு கிளப்பால ரெண்டு வருஷத்துல இத்தனை பேரை வாங்க முடியாது. மறுக்கிறவங்க கணக்கோட வாங்க.

#2 கணக்குப்பிள்ளை

விங்கர், கணக்கோடவே வருகிறேன். நீங்கள் முதலில் சொன்ன பெயரே உங்கள் கட்சிக்கு எதிராக நிற்கிறது.

ஒரு ஆட்டக்காரரை 18 மில்லியனுக்கு வாங்கினால் அந்த வருஷச் செலவில் 18 மில்லியனும் விழாது. ஒப்பந்தக் காலத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள். 5 வருஷ ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம்: வருஷத்துக்கு 3.6 மில்லியன். 2000 நவம்பரில் வாங்கி 2002 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்தார்கள், அதாவது 20 மாதம். எழுதித் தள்ளியது 6 மில்லியன், புத்தகத்தில் மீதி மதிப்பு 12. விற்றது சுமார் 30 மில்லியனுக்கு. புத்தக லாபம் 18 மில்லியன். அந்தக் காலக்கட்டத்தில் லீட்ஸ் செய்த ஆகச்சிறந்த வியாபாரம் ஃபெர்டினாண்ட்தான். அவர் பெயரைச் சொல்லி அழுவது நியாயமில்லை.

ஃபவுலரை இதே தராசில் போடுங்கள். 2001 நவம்பரில் 11 மில்லியன். 2003 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு 6 மில்லியன் வரை கிடைக்கலாம் என்ற பேச்சோடு போனார், உடனடியாக வந்தது அதில் பாதிதான். அதே 5 வருஷக் கணக்கில் 14 மாதத்துக்கு எழுதியது சுமார் 2.6, மீதி மதிப்பு 8.4. முழு 6 மில்லியனும் வந்தாலும் 2.4 நஷ்டம். அதைவிட மோசம், போன பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. லீட்ஸ் கொடுத்த சம்பளத்தை வேறு யாரும் கொடுக்கத் தயாராக இல்லை.

விலையை விடச் சம்பளம் ஏன் ஆபத்து என்பதற்கு இன்றைய ரேட்டில் ஒரு மாதிரிக் கணக்கு. விலை 20 மில்லியன், 5 வருஷம்: வருஷத்துக்கு 4. வாரச் சம்பளம் 80,000 பவுண்ட்: வருஷத்துக்கு 4.16. அதன்மேல் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 15 சதவீதம்: 0.62. ஏஜென்ட்டுக்கு 2 மில்லியன் என்றால் வருஷத்துக்கு 0.4. கூட்டினால் வருஷத்துக்கு 9.18, ஐந்து வருஷத்துக்கு 46 மில்லியன். பத்திரிகையில் வருவது 20. விலையாவது திரும்ப விற்றால் கொஞ்சம் வரும். சம்பளம் போனது போனதுதான்.

#3 யாழ்_கோல்கீப்பர்

கணக்குப்பிள்ளை அண்ணை சொல்லுறது சரி. ஆனா இலாபநட்டக் கணக்கை மட்டும் பாத்தா லீட்ஸின்ர கதை விளங்காது. கழகங்கள் சாகிறது நட்டத்தால இல்லை, கையில காசு இல்லாமல்தான். இரண்டும் வேற வேற.

லீட்ஸ் காசு எடுத்த வழி ரெண்டு.

முதலாவது, 2001இல எடுத்த 60 மில்லியன் பவுண்ஸ் கடன், 25 வருசத்துக்கு. அதுக்கு ஈடு என்னெண்டா எல்லண்ட் ரோட் மைதானத்தின்ர வருங்கால ரிக்கெற் வருமானம். 7 சதவீத வட்டி எண்டு ஒரு உதாரணத்துக்குப் போட்டால், முதலும் வட்டியுமாச் சேத்து வருசத்துக்கு 5.1 மில்லியனுக்குக் கிட்ட வரும். அதைக் கட்டி முடிக்காமல் ரிக்கெற் காசில கழகம் கை வைக்க ஏலாது. 5 மில்லியன் பெரிய தொகை இல்லை எண்டு நினைப்பியள். ஆனா கழகம் கீழ் டிவிசனுக்கு இறங்கினாலும், சனம் வராட்டிலும், அந்தத் தவணை குறையாது. 25 வருசக் கடனை எடுத்து நாலைஞ்சு வருசத்தில தேயிற சொத்து வாங்கினதுதான் பிழை. அந்தக் கடன்ல ஒரு கலரி கட்டியிருந்தால் 25 வருசமும் அது உழைச்சுக் குடுத்திருக்கும்.

இரண்டாவது, வீரர்களைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரியான ஏற்பாடு. விக்கிற கழகத்துக்கு நிதி நிறுவனம் ஒண்டு காசு குடுக்கும். வாங்கின கழகம் அந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தக் காலம் முழுக்கத் தவணை கட்டும், வட்டியோட. ஆளை இடையில வித்தால் வாற காசில முதல்ல அந்த நிறுவனத்தின்ர மிச்சத்தைத் தீர்க்க வேணும். அதால, 'ஆளை வித்து நிமிர்ந்திடலாம்' எண்ட கணக்கு பிழைச்சுப் போச்சு. 10 மில்லியனுக்கு வித்தால் கையில 10 வராது.

#4 வியாசர்பாடி_விங்கர்

ரெண்டு பேரும் சொல்றது புரியுது. சரி, விலை மட்டும் காரணம்னு சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். அரையிறுதி வரைக்கும் போன டீம். அந்த 69க்கு 68ங்கிற ஒரு புள்ளி கூட வந்திருந்தா சாம்பியன்ஸ் லீக் பணம் வந்திருக்கும், கடனும் அடைஞ்சிருக்கும். இதைத் திட்டத்தோட தப்புன்னு சொல்றதா, விதின்னு சொல்றதா?

#5 மூன்றாவது_டிஃபெண்டர்

திட்டத்தோட தப்புதான். ஒரு புள்ளியில கவுந்துடுற திட்டத்துக்குப் பேர் திட்டமே இல்ல.

லீக்ல 20 டீம். மேல வரணும்னு செலவு பண்றவங்க அப்பவே ஆறேழு பேர்: மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், லிவர்பூல், செல்சி, நியூகாசில், லீட்ஸ். சாம்பியன்ஸ் லீக் இடம் மூணு, அடுத்த வருஷத்துல இருந்து நாலு. எல்லாரும் எவ்வளவு செலவு பண்ணாலும் அந்த நாலு அஞ்சாகாது. 2001-02ல நாலாவது இடம் கிடைச்சும் லீட்ஸுக்கு வரல. நியூகாசில் 71, லீட்ஸ் 66. அதாவது விதின்னு சொல்ற அந்தச் சந்தர்ப்பம் ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவையும் கைநழுவுச்சு. அப்புறமும் 'அடுத்த வருஷம் வந்துடும்'னு பட்ஜெட் போட்டா அது நிர்வாகக் குழுவோட பொறுப்பு.

சேர்மன் பீட்டர் ரிஸ்டேல்மேல எல்லாப் பழியும் போட்டுட்டாங்க. ஆபீஸ்ல மீன் தொட்டிக்கு வருஷத்துக்கு 240 பவுண்ட் வாடகை கட்டினாங்கன்னு வெளிவந்தப்போ பத்திரிகை முழுக்க அதுதான். அதே கிளப் 2002-03ல காட்டின நஷ்டம் 49.5 மில்லியன், அதுவரை எந்த இங்கிலீஷ் கிளப்பும் காட்டாத நஷ்டம். பொதுக் கம்பெனி அது, பங்குச் சந்தையில இருந்தது. ஒவ்வொரு வாங்குதலுக்கும் குழு ஒப்புதல் கொடுத்தது, கடன் கொடுத்தவங்க கணக்கைப் பார்த்துத்தான் கொடுத்தாங்க. ஒரு மனுஷனோட ஆசைன்னு சுருக்கிட்டா அடுத்த கிளப் அதே வழியில போறப்ப யாரும் பார்க்க மாட்டாங்க.

பயிற்சியாளர் மாத்தின செலவையும் சேர்த்துக்கங்க. 2002 ஜூன்ல டேவிட் ஓலியரி, 2003 மார்ச்ல டெர்ரி வெனபிள்ஸ். ஒப்பந்தம் மீதியிருக்கிற ஆளை அனுப்பினா இழப்பீடு கொடுத்தே ஆகணும்.

#6 கணக்குப்பிள்ளை

டிஃபெண்டர் சொன்னதோடு இன்னொன்று. நெருக்கடியில் விற்கும்போது விலை எப்படி விழுகிறது என்பதை லீட்ஸ் பட்டியலில் படிப்படியாகப் பார்க்கலாம்.

2002 ஜூலை, ஃபெர்டினாண்ட்: சுமார் 30 மில்லியன். அப்போது நெருக்கடி வெளியே முழுசாகத் தெரியாது. அடுத்த மாதமே கீன், டாட்டன்ஹாமுக்கு 7 மில்லியன், வாங்கியது 12. 2003 ஜனவரி, ஜொனாதன் உட்கேட் நியூகாசிலுக்கு 9 மில்லியன். 2003 கோடை, ஹாரி கியூவல் லிவர்பூலுக்கு 5 மில்லியன். அவர் ஒப்பந்தத்தில் ஒரே வருஷம் பாக்கி இருந்தது எல்லோருக்கும் தெரியும். 2004ல் தரமிறங்கிய பிறகு ஆலன் ஸ்மித் 7 மில்லியனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. கோல்கீப்பர் பால் ராபின்சன், இங்கிலாந்து அணி ஆட்டக்காரர், 1.5 மில்லியன்! ஜேம்ஸ் மில்னர், 18 வயது, நியூகாசிலுக்கு 5 மில்லியனுக்குள். அதற்கப்புறம் 20 வருஷத்துக்கும் மேல் பிரீமியர் லீக் ஆடிய ஆள் அவர்.

வாங்க வருபவர்கள் விற்பவரின் தவணைத் தேதியைத் தெரிந்து வைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபர் ஜன்னல் மூடும் கடைசி வாரம் வரை வாயே திறக்காமல் இருப்பார்கள். 31ஆம் தேதி சம்பளம் போட வேண்டிய கிளப்புக்கு அன்று கேட்ட விலைதான் விலை.

ஆள் முடிந்த பிறகு நிலம். 2004ல் எல்லண்ட் ரோடு மைதானமும் தோர்ப் ஆர்ச் பயிற்சி மைதானமும் விற்கப்பட்டு, விற்ற இடத்திலேயே வாடகைக்கு இருந்தார்கள். எல்லண்ட் ரோடைத் திரும்ப வாங்க 2017 ஆனது. சொந்த வீட்டை விற்று அதே வீட்டில் வாடகை கொடுத்த காலம் 13 வருஷம்.

#7 பெஞ்ச்_பிளேயர்

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு கேள்வி. அட்மினிஸ்ட்ரேஷன்னா நம்ம ஊர்ல மஞ்ச நோட்டீஸ் கொடுக்கிற மாதிரியா? அதுல யாருக்கு எவ்வளவு கிடைக்கும்?

#8 கணக்குப்பிள்ளை

கிட்டத்தட்ட, ஆனால் கம்பெனிக்கு. நடைமுறை இப்படி.

கடனைக் கட்ட முடியாத கம்பெனிக்கு ஒரு நிர்வாகி நியமிக்கப்படுகிறார். அன்று முதல் யாரும் தனியாக வழக்குப் போட்டு ஜப்தி செய்ய முடியாது. நிர்வாகி அன்றாடச் செலவைக் குறைப்பார், வாங்குபவரைத் தேடுவார். பிறகு கடன் கொடுத்தவர்களிடம் ஒரு சமரசத் திட்டம் வைப்பார்: ஒரு பவுண்டுக்கு இத்தனை பென்ஸ், மீதியை மறந்துவிடுங்கள் என்று. ஓட்டுப் போடுபவர்களில் கடன் மதிப்பின்படி 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் எல்லோரையும் அது கட்டும்.

பணம் கிடைக்கும் வரிசைதான் முக்கியம். ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர் முதலில். பிறகு நிர்வாகியின் கட்டணம், சட்டம் முன்னுரிமை கொடுத்த பாக்கிகள். கடைசியில் ஈடில்லாத சாதாரணக் கடன்கள். ஆனால் கால்பந்தில் இதற்கு மேல் லீக்கின் சொந்த விதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய டிரான்ஸ்ஃபர் பாக்கியும் ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கியும் முழுசாகக் கொடுத்தால்தான் லீக்கில் தொடர அனுமதி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, லீக் சொல்கிறது. புதிதாக வாங்குபவருக்கு லீக்கில் இடம் இல்லாத கிளப் எதற்கு? அதனால் கொடுத்துவிடுவார்.

விளைவு: வாரம் 40,000 வாங்கியவருக்கு முழுப் பாக்கி. மைதானத்துக்குச் சாப்பாடு போட்டவருக்கும் டிக்கெட் அச்சடித்தவருக்கும் பவுண்டுக்குச் சில பென்ஸ். 2007ல் லீட்ஸ் முதலில் முன்வைத்தது பவுண்டுக்கு 1 பென்னி. அந்தக் கடன் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. ஆட்ட நாளில் ரசிகர்கள் மயங்கி விழுந்தால் தூக்கிப் போகும் தொண்டர் அமைப்பு அது.

#9 யாழ்_கோல்கீப்பர்

அந்த விதி அநியாயம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். நானும் அதை நல்ல விதி எண்டு சொல்லேல்லை. ஆனா ஏன் இருக்கெண்டு ஒருக்கா யோசிக்க வேணும்.

இப்ப விக்கிறது வாங்கிறதில முழுக்காசும் ஒரே நாளில கை மாறுறேல்லை. மூண்டு நாலு தவணை. சின்னக் கழகம் ஒண்டு தன்ர ஒரே நல்ல வீரரை வித்துப்போட்டு, அடுத்த வருசம் வரப்போற தவணையை நம்பி இன்னொரு கழகத்திட்ட ஆள் வாங்கியிருக்கும். மேல ஒரு கழகம் தவணையை நிறுத்தினால் கீழ நாலு கழகம் விழும். எல்லாரும் ஒரே லீக்கில இருக்கிறதால, கடன் கட்டாத கழகம் அந்த வீரரை வைச்சே கடன் குடுத்த கழகத்தைத் தோற்கடிக்கும். அதுவும் நியாயமில்லைத்தானே?

2010 ஜனவரியில போர்ட்ஸ்மவுத்துக்குப் போக வேண்டிய ரிவி காசை பிரீமியர் லீக் மறிச்சு, டிரான்ஸ்ஃபர் பாக்கி கிடந்த கழகங்களுக்கு நேர குடுத்தது. அடுத்த மாசமே போர்ட்ஸ்மவுத் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போச்சு. பிரீமியர் லீக்கில இருக்கேக்கையே அப்பிடிப் போன முதல் கழகம் அதுதான்.

#10 மூன்றாவது_டிஃபெண்டர்

அண்ணே, சங்கிலி அறுந்துடும்ங்கிற வாதத்தை ஏத்துக்கிறேன். ஆனா அந்த விதி இருக்கிறதாலதான் சங்கிலியே இவ்வளவு நீளமாச்சு. பணம் எப்படியும் முழுசா வரும்னு தெரிஞ்சா, விக்கிற கிளப் எதுக்கு வாங்குறவனோட நிதி நிலைமையைப் பார்க்கப் போகுது? ஆபத்து முழுக்க வரித்துறை மேலயும் சின்ன வியாபாரி மேலயும் ஏறுது. அவங்களுக்கு அந்த லீக்ல ஓட்டும் இல்ல.

பிரிட்டன் வரித்துறை இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போச்சு, 2012ல தோத்துச்சு. விதி நின்னுச்சு. 2020 டிசம்பர்ல இருந்து சட்டத்தையே மாத்தி, தொழிலாளிகிட்டப் பிடிச்ச வருமான வரி, விற்பனை வரி மாதிரியானதுக்கு வரித்துறை முன்னுரிமை வாங்கிக்கிச்சு. அப்போ மிச்சம் மாட்டினது யாரு? சாப்பாடு போட்டவர், பிளம்பர், உள்ளூர் பஸ் கம்பெனி.

லீக் பக்கம் ஒரு நல்ல மாற்றம்: இப்போ பிரீமியர் லீக்குக்குக் கீழ இருக்கிற டிவிஷன்களை நடத்துற இ.எஃப்.எல்.ல அட்மினிஸ்ட்ரேஷனுக்கு 12 புள்ளி வெட்டு. அதோட, ஈடில்லாத கடன்காரங்களுக்கு பவுண்டுக்குக் குறைஞ்சது 25 பென்ஸ் உடனே, இல்ல 3 வருஷத்துல 35 பென்ஸ் கொடுக்கலேன்னா அடுத்த சீசன்ல மேல 15 புள்ளி வெட்டு. அதிகம்னு சொல்ல மாட்டேன், ஆனா 1 பென்னி காலம் போச்சு.

#11 வியாசர்பாடி_விங்கர்

புள்ளி வெட்டுன்னதும் லீட்ஸுக்கே நடந்ததைச் சொல்லணும். 2007 மே மாசம் இறங்கப்போறது கிட்டத்தட்ட உறுதியான பிறகு அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனாங்க. அதனால 10 புள்ளி வெட்டு அந்த சீசன் பட்டியல்ல விழுந்து யாரையும் பாதிக்கல. ஆனா சமரசத் திட்டத்தை வரித்துறை எதிர்த்ததால விதிப்படி வெளிய வர முடியல. லீக் அடுத்த சீசன் தொடக்கத்துலயே மைனஸ் 15 கொடுத்துச்சு.

2007-08 லீக் ஒன், அதாவது மூணாவது டிவிஷன் பட்டியலைப் பாருங்க. மைதானத்துல லீட்ஸ் எடுத்தது 91 புள்ளி. வெட்டுக்குப் பிறகு 76, 5வது இடம். முதல் இடம் ஸ்வான்சி 92. ரெண்டாவதா நேரா மேல போன நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 82. மேல போக மிச்சமிருந்த ஒரு இடத்துக்கான பிளே ஆஃப் ஃபைனல்ல டான்காஸ்டர்கிட்ட 1-0 தோல்வி. அந்த 15 புள்ளிக்காக இன்னும் ரெண்டு வருஷம் மூணாவது டிவிஷன்ல. 2001ல கையெழுத்துப் போட்டவங்க யாரும் அப்போ அங்க இல்ல. ஆடின பசங்களும் டிக்கெட் எடுத்த ஜனமும்தான் அனுபவிச்சாங்க. இது எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா இருக்கு.

#12 பெஞ்ச்_பிளேயர்

அதுக்கப்புறம்தான் பி.எஸ்.ஆர்.னு நஷ்டத்துக்கு வரம்பு வைக்கிற விதி வந்துச்சே? இன்னொரு லீட்ஸ் வர வாய்ப்பில்லைன்னு சிலர் சொல்றாங்க.

#13 கணக்குப்பிள்ளை

பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை இருந்த அந்த விதி நஷ்டத்தைத்தான் அளந்தது, கடனை அளக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியர் லீக் கிளப் 3 வருஷத்தில் மொத்தம் 105 மில்லியன் வரை நஷ்டம் காட்ட முடிந்தது, வருஷத்துக்கு 35. அதில் 15 மில்லியனுக்கு மேற்பட்டதை உரிமையாளர் பங்குப் பணமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. மைதானம், இளையோர் அகாடமி, பெண்கள் அணி ஆகியவற்றின் செலவைக் கழித்துக்கொள்ள முடிந்தது. கீழ் டிவிஷனில் இருந்த வருஷத்துக்கு 35க்குப் பதில் 13.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022ல்தான் மேலே வந்தது. அவர்கள் வரம்பு 13 + 13 + 35 = 61 மில்லியன். 34.5 மில்லியன் தாண்டினார்கள். 2024 மார்ச்சில் 4 புள்ளி வெட்டு. அங்கே நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். கணக்கு மூடும் தேதி 2023 ஜூன் 30. பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றது செப்டம்பர் 1. அகாடமியில் வளர்ந்த பையன், வாங்கிய விலை கிடையாது, அதனால் விற்ற பணம் முழுக்க லாபம். அதே விலைக்கு ஜூனில் விற்றிருந்தால் வரம்புக்குள் வந்திருப்பார்கள். காத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது என்று ஃபாரஸ்ட் வாதாடியது, ஆணையம் ஏற்கவில்லை.

எவர்டன் 124.5 மில்லியன், அதாவது 19.5 கூடுதல். 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டு, மேல்முறையீட்டில் 6 ஆனது. அடுத்த காலக்கட்டத்துக்கு இன்னும் 2.

இந்த விதியால் வந்த ஒரு கெடுதலையும் சொல்ல வேண்டும். அகாடமிப் பையனை விற்றால் முழு லாபம் என்பதால், ஜூன் மாதம் வந்தாலே கிளப்புகள் சொந்த ஊர்ப் பையன்களைத்தான் முதலில் சந்தைக்கு அனுப்பின. ரசிகர்கள் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் அவர்கள்தான்.

#14 மூன்றாவது_டிஃபெண்டர்

சந்து பொந்துகளையும் சேர்த்துக்கங்க.

ஒப்பந்தத்தை நீட்டுறது: 2023 ஜனவரியில செல்சி என்சோ ஃபெர்னாண்டஸ், மைகைலோ முட்ரிக் ரெண்டு பேருக்கும் 8 அரை வருஷம் எழுதுச்சு. என்சோவோட விலை 107 மில்லியனை 5 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 21.4, 8.5க்குப் பிரிச்சா 12.6. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அந்த வருஷக் கோடையிலயே, பிரீமியர் லீக் டிசம்பர்ல, எவ்வளவு நீள ஒப்பந்தமா இருந்தாலும் 5 வருஷத்துக்குத்தான் பிரிக்கலாம்னு அடைச்சாங்க. ஆனா சம்பளம் 8 வருஷமும் ஓடும். ஆள் சரியா வரலேன்னா அனுப்பவும் முடியாது.

சொத்தைத் தனக்கே விக்கிறது: 2018ல டெர்பி கவுன்ட்டி பிரைட் பார்க் மைதானத்தை உரிமையாளர் மெல் மோரிஸோட இன்னொரு கம்பெனிக்கு 81.1 மில்லியனுக்கு வித்துச்சு. ஆட்டக்காரர் மதிப்பையும் சமமாப் பிரிக்காம, கடைசி வருஷங்களுக்குத் தள்ளி எழுதுச்சு. 2021 செப்டம்பர்ல அட்மினிஸ்ட்ரேஷன், 12 புள்ளி. நவம்பர்ல கணக்கு மீறலுக்கு 9. மொத்தம் 21. வெய்ன் ரூனி பயிற்சியில அந்தப் பசங்க போராடியும் லீக் ஒன்னுக்கு இறங்கிட்டாங்க.

ஆள் மாத்திக்கிறது: 2020 ஜூன்ல பார்சிலோனா ஆர்தரை 72 மில்லியன் யூரோவுக்கு யுவென்டஸுக்குக் கொடுத்து, மிராலெம் பியானிச்சை 60க்கு வாங்குச்சு. உண்மையில கை மாறினது அந்த வித்தியாசம்தான். ஆனா ரெண்டு கிளப்பும் அந்த வருஷமே பெரிய லாபம் எழுதிக்கிச்சு. செலவு மட்டும் அடுத்தடுத்த வருஷங்களுக்குப் போயிடுச்சு.

#15 யாழ்_கோல்கீப்பர்

பார்சிலோனாவின்ர பேரை எடுத்தபடியால் சொல்லுறன், லீட்ஸுக்கும் அவைக்கும் ஒரு நேர்க்கோடு இருக்கு. 2017இல நெய்மார் போய் 222 மில்லியன் யூரோ வந்தது. காசு கையில இருக்கெண்டு உலகத்துக்கே தெரியும், அதால கேட்டவன் எல்லாம் விலையை ஏத்தினான். டெம்பெலே 105, கூட்டின்யோ 120, கிரீஸ்மன் 120, மேலதிகக் கொடுப்பனவுகள் வேற. மூண்டு பேருக்கும் 345. அஞ்சு வருசத்துக்குப் பிரிச்சால் வருசத்துக்கு 69, சம்பளம் தனி. பிறகு கூட்டின்யோவையும் கிரீஸ்மனையும் ஆளுக்கு 20 மில்லியன் அளவிலதான் நிரந்தரமா விக்க முடிஞ்சது.

2021 ஓகஸ்ட்டில கழகத் தலைவராயிருந்த லப்போர்தா சொன்ன கடன் 1,350 மில்லியன் யூரோ. அதே மாசம் மெஸ்ஸி போனார். லா லிகாவின்ர சம்பள வரம்புக்குள்ள அவரைப் பதிவு செய்ய ஏலாமல் போச்சு. 2022இல லா லிகா ரிவி உரிமையில 25 சதவீதத்தை 25 வருசத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்தினம். லீட்ஸ் ரிக்கெற் காசை ஈடு வைச்சதும் அதே 25 வருசத்துக்குத்தான். அந்தக் காசில உடனே ஆள் வாங்கினதும் அதே மாதிரி.

#16 கணக்குப்பிள்ளை

ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். பார்சிலோனாவின் 2018-19 வருமானம் 990 மில்லியன் யூரோ. தரமிறங்கும் பயம் கிடையாது. லீட்ஸுக்குக் கீழே இறங்கினால் டிவி பணம் போய்விடும், சம்பளம் மட்டும் அப்படியே நிற்கும். இறங்கினால் சம்பளம் தானாகக் குறையும் என்ற ஷரத்தை ஒப்பந்தங்களில் போடாத கிளப்புக்கு அதுதான் கொலைக் கயிறு. பார்சிலோனா வலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். லீட்ஸால் முடியவில்லை.

#17 நெறியாளர்

பார்சிலோனா பற்றி மேலும் பேச விரும்புபவர்கள் லா லிகா பிரிவில் தனி இழை தொடங்கவும். இங்கே இங்கிலாந்துக் கிளப்புகளோடு தொடருங்கள்.

#18 பெஞ்ச்_பிளேயர்

ஒரு கிளப் இந்த வழியில போகுதான்னு வெளிய இருந்து ரசிகர்கள் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? எங்க பார்க்கணும்?

#19 கணக்குப்பிள்ளை

முடியும், காசும் செலவில்லை. பிரிட்டன் கம்பெனிகளின் ஆண்டறிக்கை எல்லாம் கம்பெனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசம். கிளப் பெயரோடு அதன் தாய்க் கம்பெனி பெயரையும் தேடுங்கள், கடன் பெரும்பாலும் மேலேதான் இருக்கும்.

முதலில் சம்பளத்தை மொத்த வருமானத்தால் வகுங்கள். யூஃபா இப்போது சம்பளம், பிரித்து எழுதிய விலை, ஏஜென்ட் கட்டணம் மூன்றையும் சேர்த்து 70 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. சம்பளம் மட்டுமே 80ஐத் தாண்டினால் உரிமையாளர் பாக்கெட்டில் இருந்துதான் கிளப் ஓடுகிறது. உரிமையாளர் பணத்தைக் கடனாகப் போட்டாரா, பங்காகப் போட்டாரா என்பது அடுத்த கேள்வி. கடன் என்றால் ஒரு நாள் திரும்பக் கேட்கலாம்.

பிறகு அடிக்குறிப்புகளில் டிரான்ஸ்ஃபர் பாக்கி: மற்ற கிளப்புகளுக்கு 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு. கொடுக்க வேண்டியது பல மடங்கு பெரிதாக இருந்தால் அடுத்த கோடையில் யாரையோ விற்கப்போகிறார்கள்.

'சார்ஜஸ்' என்ற தனிப் பக்கத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். யாரிடம் எதை ஈடு வைத்தார்கள் என்பதன் பதிவு அது. மைதானம், டிக்கெட் பணம், டிவி பணம் என்று ஒவ்வொன்றாக அங்கே வரும். ஈடு வைத்த 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால், ஆண்டறிக்கைக்கு முன்னாடியே விஷயம் தெரிந்துவிடும். டிவி பணத்தை ஈடு வைத்து அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் கிளப் அடுத்த மாதச் சம்பளத்துக்குத் திண்டாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

#20 யாழ்_கோல்கீப்பர்

அதோட இன்னொண்டு: ஆண்டறிக்கை நேரத்துக்கு வருகுதா எண்டு பாருங்கோ. பிந்தினாலே ஏதோ இருக்கு. கணக்காய்வாளர் மாறினாலும் கவனிக்க வேணும்.

ரசிகர்களால என்ன செய்ய ஏலுமெண்டு கேட்டால் போர்ட்ஸ்மவுத்தைப் பாக்கலாம். ரெண்டு முறை அட்மினிஸ்ட்ரேஷன், நாலாவது டிவிசன். 2013 ஏப்ரலில ரசிகர் அறக்கட்டளை கழகத்தை வாங்கினது. ஒரு பங்கு 1,000 பவுண்ஸ், பங்கெடுத்ததில கனபேர் சாதாரண சம்பளக்காரர். பழைய பாக்கிகளைத் தீர்த்து, லீக் ருவை வென்ற பிறகு 2017இல வித்தினம். 2024இல லீக் ஒன் சம்பியன்.

#21 வியாசர்பாடி_விங்கர்

கணக்கு சார், 'சார்ஜஸ்' பக்கத்துல ஒரு கடன் அடைஞ்சிடுச்சா, இன்னும் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? சில கிளப்புக்கு முப்பது நாப்பது வரி வருது.

#22 கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'நிலுவை' அல்லது 'தீர்ந்தது' என்பதற்கான குறி இருக்கும். நிலுவை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒன்று கவனம்: கடன் அடைந்தாலும் தீர்ந்ததாகப் பதிவது கட்டாயமில்லை, அதனால் பழைய வரிகள் சில சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தேதி வரிசையில் புதியதை முதலில் படியுங்கள். ஒரே சீசனில் இரண்டு மூன்று புது வரி, ஒவ்வொன்றும் வேறு வேறு நிதி நிறுவனம் பெயரில் இருந்தால், அந்த ஆவணத்தையே திறந்து எந்தெந்தத் தவணையை ஈடு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த ஆட்டக்காரரை எந்தக் கிளப்புக்கு விற்ற பணம் என்பது உட்பட அதில் பல சமயம் எழுதியிருக்கும்.